ஆறு வினாடி தூரத்தில் ஓர் உடைமரம்

ஜன்னல் பக்கம் நீங்கள் உட்காருங்கள் அம்மா. இந்தப் பக்கம் வெயில் வராது. மணி இரண்டு. வண்டி தெற்கே போகிறது. இனிமேல் வெயில் முழுக்க வலப்பக்கத்து ஆட்களுக்குத்தான். மாட்டுத்தாவணியில் ஏறும்போதே பார்த்துத்தான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். என் பெயர் பூவலிங்கம். நில அளவைத் துறையில் சர்வேயர், முப்பத்து மூன்று வருஷம். திசை பார்க்காமல் எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது.

கடைசி ஸீட்டில் சைக்கிள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாரே, அவர்தான் உங்கள் வீட்டுக்காரரா? தூங்கட்டும். பந்தயத்துக்கு முதல் நாள் எவ்வளவு தூங்கினாலும் நல்லது. அவர் பைக்குப் பக்கத்தில் பச்சை நாடா கட்டிய பழைய பை ஒன்று இருக்கிறது பாருங்கள், அது என்னுடையது. ஆமாம், நானும் நாளைக்கு ஓடுகிறேன். ஐம்பத்தெட்டு வயது. சிரிக்கலாம், தப்பில்லை. என் ஆபீஸில் எல்லாரும் சிரித்தார்கள்.

உங்கள் மடியில் இருக்கிற தண்ணீர் பாட்டிலை மதுரையில் வாங்கினீர்கள். முக்கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

சரி, அது பிறகு.

உங்கள் வீட்டுக்காரர் எல்லாம் விளக்கியிருப்பார். டிரையத்லான். முதலில் கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளை நிறுத்திவிட்டு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டரைக்குள் முடிக்க வேண்டும். இரண்டு முப்பத்தொன்றுக்கு வந்தால் பதக்கமும் கிடையாது, பட்டியலில் பெயரும் கிடையாது. சித்திரை மாதம், சாயல்குடிக்குத் தெற்கே கடற்கரை. வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் நான் முடித்தேன். இரண்டு இருபதுக்கு முடித்தேன். பத்து நிமிடம் மிச்சம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும், "பாதியில விட்டுட்டீங்களா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். விடவில்லை. முடித்தேன்.

மங்களம் என் மனைவி. முழுப்பெயர் மங்களேஸ்வரி. உத்தரகோசமங்கைப் பக்கத்துப் பெண். ஊர் அம்மன் பெயர் என்பதால் அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு மங்களேஸ்வரி இருப்பார்கள். "உத்தரகோசமங்கையில நின்னு மங்களேஸ்வரின்னு கூப்பிட்டா ஊர்ல பாதிப் பேர் திரும்பிப் பாப்பாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கம். குளத்தைச் சுற்றி நடந்தேன். பிறகு ஓடினேன். அளக்கிற ஆள் சும்மா ஓட முடியுமா? எவ்வளவு நேரத்தில் ஒரு சுற்று வருகிறேன் என்று தெரிய வேண்டும். மங்களம் குளத்துச் சுவரில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்ப்பாள். நான் கடக்கும்போது சத்தமாகச் சொல்வாள். "எட்டு இருபதுங்க!" "எட்டுங்க!" ஒருநாள், "ஏழு நாப்பதுங்க! போதும், நெஞ்சு அடைச்சிரப் போகுது!" என்று கத்தினாள். நடக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு நாற்பது. அதற்குக் கீழே நான் போனதே இல்லை.

கையில் கட்டுகிற கடிகாரம் வாங்கலாமே என்று கேட்பீர்கள். அதைக் குனிந்து பார்க்க வேண்டும். குரல் என்றால் காதில் தானாக விழும். மூன்றரை வருஷம் அவள் குரலை வைத்துத்தான் ஓடினேன். ஒரு நோட்டில் எழுதியும் வைப்பாள். முதலில் தேதி, அப்புறம் எண். எண்ணுக்குப் பக்கத்தில் அவளாக ஏதாவது கிறுக்குவாள். "இன்னைக்கு முகத்தில் தெளிச்சி இல்லை." "கால் இழுக்குது, எண்ணெய் தேய்க்கணும்." இப்படி. அதையெல்லாம் நான் படிப்பதில்லை. எண்ணை மட்டும் பார்ப்பேன்.

அப்புறம் சைக்கிள். அப்புறம் நீச்சல். நீச்சல் எனக்குச் சின்ன வயசிலேயே கண்மாயில் வந்ததுதான். மூன்றும் கைவந்த பிறகு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். கோயம்புத்தூரில் இருக்கிற என் மகள் நர்மதா ஃபோனில் திட்டினாள்.

"அப்பா, சித்திரை வெயில்ல இது தேவையா? அம்மாவாவது சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா கேக்குற ஆளா உங்கப்பா? கூடப் போயி நின்னுக்கிறேன். அதான் முடியும்" என்றாள் மங்களம்.

வெயிலுக்கு நான் எப்படித் தயார் ஆனேன் என்று கேட்டால் உங்கள் வீட்டுக்காரரே ஆச்சரியப்படுவார். எட்டு வாரம், தினமும் உச்சி வெயிலில் ஓடினேன். உடம்பு வெயிலுக்குப் பழக வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். நான் எட்டு வாரம் பழக்கினேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எவ்வளவு வேர்வை போகிறது என்று கணக்கெடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை உப்பு மாத்திரை, தொப்பிக்குள் எத்தனை ஐஸ் துண்டு, எல்லாம் பட்டியல் போட்டு அலமாரியில் ஒட்டினேன். அந்த மத்தியான ஓட்டங்களுக்கு மங்களத்தைக் கூட்டிப் போகவில்லை. "வெயில்ல நீ எதுக்கு, வீட்டுல இரு" என்று சொல்லிவிடுவேன். அவள் மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு வாரமும் அவளை ஃபேனுக்குக் கீழேதான் வைத்திருந்தேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் மாலை எல்லாரையும் உட்காரவைத்து ஒரு டாக்டர் பேசினார். இன்றைக்கும் பேசுவார்கள், நீங்களும் போய் உட்காருங்கள். வெயில் தாக்கினால் என்ன ஆகும் என்று மூன்று அடையாளம் சொன்னார். ஒன்று, வேர்வை நின்றுபோகும். தோல் காய்ந்து சூடாக இருக்கும். இரண்டு, பேச்சு குழம்பும். இருக்கிற இடமே மறந்துபோகும். மூன்று, கால் தள்ளாடும். "இதில ஒன்னப் பாத்தாலும் ஓட்டத்த நிறுத்துங்க. பக்கத்துல ஓடுறவர்ட்ட பாத்தா அவரையும் நிறுத்துங்க. ஐஸ் தண்ணித் தொட்டி இருக்கு, உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். மூன்றையும் நான் எழுதிக்கொண்டேன். மங்களம் பக்கத்தில் உட்கார்ந்து பந்தய விதிகள் அச்சடித்த தாளால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

பேச்சு முடிந்ததும் இரண்டு பேரும் ஓட்டப் பாதையைப் பார்க்கப் போனோம். உப்பளத்தைச் சுற்றி ஒரு சாலை. ஒரு சுற்று ஐந்தேகால் கிலோமீட்டர், நாலு சுற்று. சுற்று தொடங்குகிற இடத்தில் பெரிய கடிகாரம் வைத்திருப்பார்கள். பாதிச் சுற்றில் ஒன்றும் கிடையாது. அங்கேதான் எனக்குக் குரல் வேண்டும். சைக்கிளில் மீட்டர் போட்டு அளந்தேன். சரிபாதி எங்கே வருகிறதோ அந்த இடத்தில், சாலையோரம் ஒரு கல்லை நட்டேன். எல்லைக்கல் நட்ட கை, பாருங்கள். ஆடாமல் நின்றது.

"நாளைக்கு இந்தக் கல்லுக்கு நேரா நிக்கணும் மங்களம். முன்னயும் போகாத, பின்னயும் போகாத."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பு. சாலையோரம் ஒரே ஒரு உடைமரம் இருந்தது, முள்ளும் கொஞ்சம் நிழலுமாக. கல்லைத் தாண்டி நாற்பது அடி.

"அந்த மரத்தடியில நிக்கிறேனேங்க. நாப்பது அடிதான இருக்கு?"

"நாப்பது அடின்னா என் ஓட்டத்துக்கு ஆறு வினாடி. பாதிக் கணக்கு தப்பிப் போகும்."

"ஆறு வினாடிதான" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் அர்த்தம். அவளுக்குச் சரியில்லை என்றால் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

மறுநாள். நீச்சல் ஐம்பத்திரண்டு நிமிடம். சைக்கிளில் எதிர்க்காற்று, நாலு மணி நேரம். அதெல்லாம் சரியாகப் போயிற்று. பதினொன்று எட்டுக்கு ஓடத் தொடங்கினேன். உப்பளத்து வெயில் இரண்டு பக்கம் அடிக்கும் அம்மா. மேலேயிருந்து ஒன்று, உப்பில் பட்டுக் கீழேயிருந்து ஒன்று. நாற்பத்தொரு டிகிரி என்று அப்புறம் சொன்னார்கள். ஆனால் எங்களுக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. ஐஸ், தர்ப்பூசணி, நனைத்த பஞ்சு, எல்லாம் இருந்தது. மணிக்கட்டில் பந்தயப் பட்டை கட்டியவர்களுக்கு மட்டும். வெளியாள் கையில் ஒரு வாய் தண்ணீர் வாங்கினாலும் நம்மை நீக்கிவிடுவார்கள். விதி அது.

முதல் சுற்று. கல்லை நெருங்குகிறேன், மங்களத்தைக் காணோம். நாலைந்து பேர் நிற்கிறார்கள், எல்லார் தலைக்கு மேலும் குடை. யார் முகமும் தெரியவில்லை. கடந்து நாலு அடி போன பிறகுதான் பின்னாலிருந்து குரல் வருகிறது. "பதினொன்னு முப்பதுங்க!" எனக்குச் சுரீர் என்றது. எங்கே நிற்கிறாள் என்று தேடியதிலேயே என் நடை தப்பிப் போயிருந்தது. திரும்பிப் பார்த்துக் கத்தினேன்.

"குடையை மடக்கு! ஆள் தெரியல!"

மடக்கினாள்.

அவள் கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று நான்தான் கட்டச் சொன்னேன். குடை இல்லாமல் பளிச்சென்று தெரிந்தாள்.

இரண்டாம் சுற்று. பன்னிரண்டு பதினெட்டு. தூரத்திலேயே பச்சை தெரிந்தது. மற்றக் குடைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். உடைமரத்தடியில் நுங்கு விற்கிற அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மங்களம் மட்டும் வெயிலில் கல்லுக்கு நேராக நிற்கிறாள். மடக்கிய குடையைக் கம்பு மாதிரி ஊன்றியிருக்கிறாள். "பன்னெண்டு பதினெட்டுங்க" என்றாள். குரலில் அவ்வளவு சத்தம் இல்லை. கூடவே நாலு அடி ஓடிவந்தாள். "இன்னும் எவ்வளவு நேரம்ங்க ஆகும்?" நான் இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு சுற்று என்ற அர்த்தத்தில். இரண்டு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ. எப்படி எடுத்துக்கொண்டாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்றாம் சுற்று.

இதைக் கவனமாகக் கேளுங்கள். இதில்தான் என் வருத்தமே. மூன்றாம் சுற்றில்தான் எனக்கு நேரம் ரொம்பத் தேவையாக இருந்தது. கால் கனத்துவிட்டது, மண்டைக்குள் கொதிக்கிறது. முடிப்பேனா மாட்டேனா என்று அந்த எண்ணை வைத்துத்தான் தெரியும். கல்லுக்கு நேராக நின்றாள். இல்லை, உட்கார்ந்திருந்தாள். கல் மேல் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எழும்போது ஒருமுறை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடினாள். காற்று அப்படி. நான் கிட்ட வந்ததும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்:

"ஏழு நாப்பதுங்க!"

ஏழு நாற்பது. தெப்பக்குளத்து நேரம். எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் சொல்லுங்கள். மூன்று மாத உழைப்பு, இரண்டரை மணிக் கெடு, இவள் தெப்பக்குளத்து எண்ணைச் சொல்கிறாள்.

"எங்க இருக்க நீ? ஒழுங்கா மணியப் பாத்துச் சொல்லு!"

அவள் அதற்கும் சிரித்தாள். "இன்னும் ஒரே ஒரு சுத்துப் போயிட்டு வாங்க. வீட்டுக்குப் போயிரலாம். பால்காரன் வந்திருவான்" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எனக்குத் தெம்பு கொடுக்க விளையாடுகிறாள் என்று. அவள் முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். என் உடம்பில் வேர்வை ஊற்றுகிறது, அவள் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. பவுடர் போட்ட மாதிரி காய்ந்து, சிவந்து இருந்தது. பரவாயில்லையே, நம்மைவிட இவளுக்கு வெயில் நன்றாகப் பழகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

தண்ணீர்ப் பந்தலில் பஞ்சை வாங்கித் தலையில் பிழிந்துகொண்டேன். அந்தப் பந்தல் அவள் நின்ற இடத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர்.

நாலாம் சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. சாலையை விட்டு ஒதுங்கி வழிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதே வண்டி எதிரே திரும்பி வந்தது. மறுபடியும் ஒதுங்கினேன். யாரோ ஒருவன் பாதியில் விட்டுவிட்டான், ஒழுங்காகத் தயார் ஆகியிருக்க மாட்டான் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். என்னோடு ஓடிய ஒரு தம்பியிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

கல்லுக்கு வந்தேன். மங்களம் இல்லை. மடக்கிய குடை கல்லில் சாய்ந்து நின்றது. நோட்டு கல்லின் மேல் இருந்தது. உடைமரத்தடியில் நுங்குக் குலை கிடந்தது, அரிவாள் கிடந்தது, விற்கிற அம்மாவைக் காணோம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மங்களம் கடைசிக் கோட்டுக்குப் போய்விட்டாள், நான் முடிப்பதைப் பார்க்கப் போய்விட்டாள் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. அவள் பார்க்கும்போது தள்ளாடிக்கொண்டு போகக் கூடாது என்று வேகத்தைக் கூட்டினேன். நாலு சுற்றில் அந்தக் கடைசிச் சுற்றுதான் எனக்கு வேகமான சுற்று. பட்டியலில் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

இரண்டு இருபதுக்குக் கோட்டைத் தாண்டினேன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். கூட்டத்தில் பச்சைப் புடவையைத் தேடினேன். இல்லை. கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து கடைசி நிமிடத்தைப் பார்க்காமல் எங்கே போனாள் என்று. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிடம் கழுத்து வரை ஐஸில் உட்கார்ந்திருந்தேன். நல்ல சுகம். எனக்கு ஒன்றுமே இல்லை அம்மா. எனக்கு எந்த அடையாளமும் இல்லை. சும்மா சுகத்துக்கு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில், மங்களேஸ்வரி என்ற அம்மாவோடு வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் கை தூக்கவில்லை. இந்தப் பக்கத்தில்தான் தெருவுக்கு நாலு மங்களேஸ்வரி ஆயிற்றே. பச்சைப் புடவை என்று அடுத்து சொன்னார்கள்.

சாயங்காலம் ஆறு ஐந்துக்கு முடிந்துவிட்டது.

நுங்கு விற்ற அம்மா பெயர் சந்தனமாரி. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் கூடவே வந்தவள் அவள்தான். சரக்கை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னையும் என் கழுத்தையும் பார்த்தாள். பதக்கத்தைக் கழற்ற மறந்திருந்தேன்.

"நீங்கதான் அந்த ஓடுற ஐயாவா?" என்றாள். "ரெண்டு தடவ கூப்பிட்டேன் ஐயா, தாயி, இங்கிட்டு நிழலுக்கு வாம்மான்னு. கல்ல விட்டு வரக் கூடாதுன்னு சொல்லுச்சு. குடையவாச்சும் விரிம்மான்னேன். அவுகளுக்கு அடையாளம் தெரியாதுன்னு சொல்லுச்சு. ஒரு நுங்கு வெட்டிக் கையில குடுத்தேன், வாங்கல. தண்ணியும் வேண்டாம்னுருச்சு. காதோட சொல்லுச்சு, 'குடிச்சா ஒதுங்கணுமே அக்கா, இந்த வெட்டவெளியில எங்குட்டுப் போக'ன்னு. விழுந்த பிறகு மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, ஓடுறவுகள நிப்பாட்டச் சொல்லவான்னேன். கையப் பிடிச்சுக்கிருச்சு. 'நிப்பாட்டிராதீக, நேரம் ஆயிரும்'னு சொல்லுச்சு."

பாருங்கள், அவளேதான் நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நானா சொன்னேன்? ஒரு வார்த்தை, முடியலைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நின்றிருக்க மாட்டேனா? இருபத்தொன்பது வருஷம் கூட இருந்தவள். ஒதுங்க இடமில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். பந்தயக்காரர்களுக்குப் பன்னிரண்டு கழிப்பறை வைத்திருந்தார்கள், யாரிடமாவது கேட்டு ஏற்பாடு செய்திருப்பேன். சொன்னால்தானே தெரியும்? சொல்லவே இல்லை. அதுதான் என் வருத்தம். அதை மட்டும்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரியே நர்மதா வந்துவிட்டாள். அழவில்லை. என் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா தண்ணி குடிச்சாங்களாப்பா?"

அன்றைக்கு நான் குடித்தது நாலு லிட்டர் எழுநூறு மில்லி. உப்பு மாத்திரை ஒன்பது. எந்தப் பந்தலில் எத்தனை மடக்கு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அவள் காலையில் என்ன குடித்தாள், காப்பி குடித்தாளா, கடற்கரையிலிருந்து அந்தக் கல்லுக்கு இரண்டரைக் கிலோமீட்டர் நடந்து போனாளே, கையில் பாட்டில் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அவள் கையில் குடையும் நோட்டும் கைப்பேசியும்தான் கண்ணுக்கு வருகிறது. நர்மதா போய்விட்டாள். காரியம் முடிந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் ஃபோன் பண்ணினால் எடுப்பாள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். மூச்சு கேட்கும்.

இந்த வருஷம் ஏன் வருகிறேன் என்றா கேட்கிறீர்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன தடவை மூன்றாம் சுற்றில் கல்லுக்கு ஒன்று எட்டுக்கு வந்தேன். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் அவளுக்குப் பேச்சு தெளிவாக இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால், அவள் விழுவதற்கு முன்னால் நாலு சுற்றையும் முடித்துத் திரும்பிப் போய்க் கூட்டி வந்திருப்பேன். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை மூன்றாம் சுற்றுக்குப் பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அங்கே இருப்பேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. எழுதி வைத்திருக்கிறேன்.

அங்கே யார் நிற்பார்கள் என்று கேட்கிறீர்கள்.

யாரும் இல்லை. தெரியும் அம்மா.

கையில் கட்டுகிற கடிகாரம் வாங்கிவிட்டேன். சுற்று முடிந்தால் அதுவே துடிக்கிறது. குரல் கிடையாது.

உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒருநாள் ஆபீஸில் ஒரு வரைபடத்தில் எல்லைக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பாதிக் கோட்டில் கை நின்றுவிட்டது. நாலு சுற்றும் அவள் அந்த உடைமரத்தடியிலேயே நின்றிருந்தால் கணக்கு தப்பியிருக்காது. மரத்திலிருந்து மரத்துக்கு ஒரு சுற்று. கல்லிலிருந்து கல்லுக்கும் அதே ஒரு சுற்று. இரண்டும் ஐந்தேகால் கிலோமீட்டர்தான். ஆறு வினாடி எந்தக் கணக்கிலும் வராது. சர்வேயில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த ஆள், முதல் வாரப் பாடத்தில் தப்புப் பண்ணிவிட்டேன். அவள் படிக்கவில்லை. ஆனால், "ஆறு வினாடிதான" என்று சொன்னாள்.

அந்த நோட்டு இந்தத் தோள்பையில்தான் இருக்கிறது. இதோ. போன வருஷத்துக் கடைசிப் பக்கம். முதல் வரி பதினொன்று முப்பது. பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவது வரி ஏழு நாற்பது. கோடு எப்படிக் கீழே இறங்கிப் போகிறது பாருங்கள். எனக்கு எண் மட்டும் பார்க்கிற பழக்கம் என்று சொன்னேன் அல்லவா? இந்த இரண்டாவது வரியைப் போன மாதம்தான் முழுக்கப் படித்தேன். எனக்குக் கண்ணாடி வேண்டும். நீங்களே படியுங்கள்.

ஆமாம். பன்னிரண்டு பதினெட்டு. அதற்குப் பக்கத்தில்?

"முகம் வாடிருச்சு. அடுத்த சுத்துல தண்ணி குடிக்கச் சொல்லணும்."

என்னைச் சொல்கிறாள். என்னைத்தான்.

இருங்கள். கொஞ்சம் இருங்கள். தூசி. ஜன்னலை மூட வேண்டாம், காற்று வரட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் நாளைக்கு உங்களை எங்கே நிற்கச் சொல்லியிருக்கிறார்? பாலத்துக்குப் பக்கமா? பாலத்துக்கு எந்தப் பக்கம்? அங்கே மரம் இல்லை. பாலத்துக்குக் கிழக்கே இருநூறு அடியில் ஒரு பழைய உப்புக் கொட்டகை இருக்கிறது, கூரை நன்றாக இருக்கிறது. போன மாதம் வந்து பார்த்தேன். கழிப்பறைக்கும் அளந்து பார்த்தேன். என் கல்லிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர். அந்தக் கொட்டகையிலிருந்து முந்நூறு மீட்டரில் பள்ளிக்கூடம் ஒன்று. வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பெண்கள் யார் வந்தாலும் திறந்துவிடுவார். உங்கள் வீட்டுக்காரர் எழுந்ததும் நானே சொல்கிறேன், கொட்டகைக்குள்தான் நிற்பீர்கள் என்று. முகம் தெரியவில்லை என்று சொன்னால், தெரியாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

இதோ, அருப்புக்கோட்டை வந்துவிட்டது. கண்டக்டர் டீ குடிக்க இறங்குவார். பஸ் ஸ்டாண்டில் இடது ஓரம் கழிப்பறை. சுத்தம் குறைவுதான், ஆனால் கதவு இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. முதலில் அந்த மூடியைத் திறங்கள். குடியுங்கள். இன்னும் கொஞ்சம். ஆங், அப்படித்தான்.

இப்போது இறங்கிப் போய்வாருங்கள். நான் படிக்கட்டில் நிற்கிறேன். நீங்கள் வராமல் வண்டி நகராது. அவசரம் வேண்டாம் அம்மா. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். நான் மணி பார்க்க மாட்டேன்.